கறுப்புக்குள் ஐந்து கறுப்பு: டார்த் வேடர் ரெசின் உருவம் செய்ய முழுமையான வழிகாட்டி

டார்த் வேடர் கிட்டை வாங்கும் புதியவர்கள் பலர், ‘உடம்பு முழுக்கக் கறுப்புதானே, ஒரு டப்பா கறுப்பு பெயிண்ட் போதும்’ என்று நினைக்கிறார்கள். அப்படி அடித்து முடித்த உருவத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அங்கியும் கவசமும் கையுறையும் ஒன்றோடொன்று கலந்து, கறுப்பு நிழலாக மட்டுமே தெரியும். ஸ்டார் வார்ஸ் திரையில் வேடர் அப்படித் தெரிந்ததே இல்லை. தலைக்கவசம் ஒளியை வாங்கித் திருப்பி வீசும். மேலங்கி அதே ஒளியை விழுங்கிவிடும். தோல் உடுப்பு இரண்டுக்கும் இடையில் மங்கலாக மின்னும். அந்த வேறுபாட்டைக் கையளவு உருவத்தில் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் சாரம்.

இதுவரை ஒரு மாடல்கூடச் செய்யாதவருக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. பெட்டியைத் திறப்பது முதல் மேடையில் நிறுத்துவது வரை வரிசையாகச் சொல்கிறது. ஏர்பிரஷ் இல்லாமலும் செய்யலாம். அவசரப்பட்டால் மட்டும் செய்ய முடியாது.

## யாரைச் செய்யப்போகிறோம்?

உருவத்தைத் தொடும் முன் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜார்ஜ் லூகாஸின் முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1977-இல் வெளிவந்தது. வேடரின் தோற்றத்தை முதலில் வரைந்தவர் ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி. ஆரம்பகாலத் திரைக்கதையில் வேடர் ஒரு விண்கலத்திலிருந்து இன்னொன்றுக்கு வெற்றிடத்தைக் கடந்து போகவேண்டியிருந்தது. அதனால்தான் மெக்குவாரி அவருக்கு மூச்சுக்கருவியோடு கூடிய முகமூடியைக் கொடுத்தார். அகன்று கீழிறங்கும் தலைக்கவசத்தில் ஜப்பானியச் சாமுராய்களின் தலைக்கவசச் சாயல் உண்டு. இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் அந்த முகமூடியையும் கவசத்தையும் களிமண்ணில் வடித்தவர் சிற்பி பிரையன் முயர். உடைகளை வடிவமைத்த ஜான் மோலோ அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பெற்றார். உடைக்குள் நின்றவர் 6 அடி 6 அங்குல உயரமுள்ள டேவிட் பிரவுஸ், குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ்.

மாடல் செய்பவருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. திரையில் இருந்த உடை கம்பளித்துணி, தோல், ஃபைபர்கிளாஸ் என்று உண்மையான பொருட்களால் ஆனது. நீங்கள் ரெசினில் நடிக்கவைக்கப்போவது அந்தப் பொருட்களைத்தான்.

உடையும் கவசமும் படத்துக்குப் படம் மாறின. 1977 படத்தில் முகமூடி இரண்டு நிறத்தில் இருந்தது: சில பகுதிகள் பளபளக்கும் கறுப்பு, சில பகுதிகள் துப்பாக்கி உலோகத்தின் கருஞ்சாம்பல். முகமூடியின் கண்பகுதிக் கண்ணாடியில் சிவப்புச் சாயல் இருந்தது. 2016-இல் வந்த ரோக் ஒன் அந்தத் தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. எனவே எந்தப் படத்து வேடர் என்று முதலிலேயே முடிவுசெய்து, அந்தப் படத்தின் புகைப்படங்களை முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என்று சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் படம் மாறினால் வேலை குழம்பும்.

## கிட் தேர்வு

ரெசின் கிட் என்பது சிறிய அளவில், பெரும்பாலும் கையால் வார்க்கப்படும் பொருள். மூலச் சிற்பத்தைச் சுற்றிச் சிலிக்கோன் அச்சு எடுத்து, அதில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, பாலியூரித்தேன் ரெசினை இறுகவைப்பார்கள். ஜப்பானில் இதற்குக் ‘கராஜ் கிட்’ என்று பெயர். அங்கே 1980-களில் தொடங்கிய வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற விழா இக்கலையின் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. 1992 முதல் அதைக் கையோடோ நிறுவனம் நடத்திவருகிறது.

அளவு: 1/6 என்றால் வேடர் ஏறத்தாழ 34 செ.மீ. உயரம் இருப்பார்; 1/8 என்றால் 25 செ.மீ. முதல் முயற்சிக்கு 1/6 நல்லது. மார்புப் பெட்டியின் பொத்தான்கள் தூரிகைக்கு எட்டும் அளவில் இருக்கும். மார்பளவுச் சிலையாக மட்டும் வரும் கிட் இன்னும் எளிது, இணைப்புகள் குறைவு.

பொருள்: ஊற்றி வார்த்த பாலியூரித்தேன் ஒரு வகை. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் புறஊதா ஒளியால் இறுகும் ரெசின் இன்னொரு வகை. அச்சு இயந்திரத்தில் வந்ததென்றால் இரண்டைக் கவனியுங்கள். பரப்பில் பிசுபிசுப்பு இருந்தால் அது முழுதாக இறுகவில்லை என்று பொருள்; கையுறையில்லாமல் தொடக்கூடாது. தாங்குகால்கள் வெட்டிய இடங்களில் சிறு புள்ளிகள் இருக்கும், அவற்றைத் தேய்க்கவேண்டும். மற்ற வேலைகள் இரண்டுக்கும் ஒன்றே.

நேர்மை: சந்தையில் ‘ரீகாஸ்ட்’ என்னும் திருட்டுப் பிரதிகள் ஏராளம். ஒருவர் மாதக்கணக்கில் செதுக்கியதை வாங்கி, அதன்மேல் மறுபடி அச்செடுத்துப் பாதி விலைக்கு விற்பார்கள். அச்சின்மேல் அச்சு எடுப்பதால் நுணுக்கம் மழுங்கும், பாகங்கள் சுருங்கும், குமிழிகள் பெருகும். விலை வழக்கத்துக்கு மிகக் குறைவு, விளம்பரப் படம் எங்கிருந்தோ எடுத்தது, சிற்பியின் பெயரே இல்லை என்றால் வாங்காதீர்கள்.

## மேசையில் இருக்கவேண்டியவை

- கூர்மையான கைக்கத்தி, சிறு ரம்பம், ஊசி அரங்கள்
- வாட்டர் பேப்பர்: 240, 400, 600, 1000 எண்கள்
- கையால் சுழற்றும் சிறு டிரில், 1 மி.மீ. மற்றும் 2 மி.மீ. பிட்டுகள்
- அதே தடிமனில் பித்தளைக் கம்பி
- சூப்பர் க்ளூ, இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்ஸி பசை
- எப்பாக்ஸி புட்டி; மாடலுக்கென்று விற்கும் மில்லிபுட் நயமானது, நம் ஹார்டுவேர் கடை எம்-சீல் பெரிய இடைவெளிகளுக்குப் போதும்
- சாம்பல், கறுப்பு என இரண்டு பிரைமர் ஸ்பிரே
- அக்ரிலிக் பெயிண்ட்: கறுப்பு, வெள்ளை, சாம்பல், பழுப்பு, நீலம், கருநீலம், துப்பாக்கி உலோகம், வெள்ளி, சிவப்பு, பச்சை, ஒளி ஊடுருவும் சிவப்பு
- பளபளப்பு, பாதிப் பளபளப்பு, பளபளப்பற்றது என மூன்று வார்னிஷ்
- நல்ல நுனியுள்ள 0, 1, 2 எண் தூரிகைகள். துணிப்பகுதிக்கு ஒரு தட்டைத் தூரிகை

பிளாஸ்டிக் மாடல்களுக்கு விற்கும் சிமெண்டை வாங்காதீர்கள். அது பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும் பசை. ரெசினைக் கரைக்காது, ஒட்டவும் ஒட்டாது.

## முதலில் பாதுகாப்பு

ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. மிக நுண்ணியது என்பதால் துணி முகமூடி அதைத் தடுக்காது. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகக்கவசம் அணியுங்கள். முடிந்த இடங்களிலெல்லாம் நீர்விட்டுத் தேயுங்கள். தூள் காற்றில் பறக்காமல் நீரிலேயே தங்கிவிடும். வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்கவேண்டாம்.

ஸ்பிரே அடிக்கும்போது தூள் முகமூடி போதாது. கரைப்பானின் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் கொண்ட முகக்கவசம் வேண்டும். மொட்டைமாடி, திறந்த பால்கனி போன்ற காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

## படி 1: சரிபார்த்தல், கழுவுதல்

எல்லாப் பாகங்களையும் வெள்ளைத்தாளில் பரப்பிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். வேடர் கிட்டில் பொதுவாகத் தலைக்கவசத்தின் மேல்மூடி, முகமூடி, உடல், கைகள், கால்கள், பல துண்டுகளாக மேலங்கி, வாளின் பிடி, அடித்தளம் இருக்கும். ஏதேனும் உடைந்திருந்தாலோ குறைந்தாலோ இப்போதே விற்றவருக்குத் தெரிவியுங்கள். கத்தி வைத்தபிறகு அந்த உரிமை போய்விடும்.

அடுத்து, கழுவுவது. அச்சிலிருந்து பாகம் ஒட்டாமல் வெளிவர அச்சுக்குள் ஒரு வழுக்குப்பொருள் பூசியிருப்பார்கள். அது பரப்பில் இருந்தால் பிரைமர் பிடிக்காது. பல நாள் கழித்து மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயிண்டும் தோல்போல் உரிந்து வரும். பாத்திரம் கழுவும் திரவச் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மடிப்புகளுக்குள்ளும் தேயுங்கள். நன்கு அலசி ஒரு நாள் உலரவிடுங்கள். பலர் தாண்டிப் போகும் படி இதுதான், பிற்பாடு சரிசெய்யவே முடியாத படியும் இதுதான்.

## படி 2: வெட்டுதல், தேய்த்தல்

ரெசினை ஊற்றிய வாயில் ஒரு கட்டை மிச்சம் இருக்கும். அதை உருவத்தை ஒட்டி வெட்டாதீர்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு ரம்பத்தால் அறுத்து, மீதியை அரத்தாலும் 240 எண் தாளாலும் மெல்லக் குறையுங்கள். விட்டுவைத்ததைக் குறைக்கலாம், குறைத்ததை வளர்ப்பது கடினம்.

அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். கத்தியின் முனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் பெரும்பகுதி போகும். பிறகு 400, 600 என்று ஏறுங்கள். தலைக்கவசத்தின் மேல்மூடியை மட்டும் 1000 வரை கொண்டுபோங்கள். பளபளக்கும் கறுப்பு எதையும் மறைக்காது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட வார்னிஷ் ஏறியதும் வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். மேல்மூடியை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரல் நம்பகமானது.

## படி 3: வளைவும் குமிழிகளும்

மேலங்கி, வாள் போன்ற மெல்லிய பாகங்கள் பயணத்தில் வளைந்திருக்கலாம். கொதிக்கவைத்து இறக்கிய, ஆவி பறக்கும் வெந்நீரில் ஒன்றிரண்டு நிமிடம் அமிழ்த்துங்கள். ரெசின் இளகும். இடுக்கியால் எடுத்து, கையுறையணிந்த கைகளால் நிமிர்த்தி, அப்படியே பிடித்துக் குளிர்ந்த நீரில் விடுங்கள். ஒரே முறையில் முழுதும் நிமிர்த்த முயலவேண்டாம். சிறிது சிறிதாகச் செய்யுங்கள். இது வார்த்த பாலியூரித்தேனுக்கான முறை. அச்சு இயந்திர ரெசின்கள் சில இளகாமல் முறிந்துவிடும் என்பதால் அவற்றை ஒரு சிறு துண்டில் முதலில் சோதியுங்கள்.

ஊற்றும்போது சிக்கிய காற்று சிறு குழிகளை விட்டிருக்கும். ஊசியால் குழியின் வாயைச் சற்றுப் பெரிதாக்கி, ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்து, மேலே சிட்டிகை சமையல் சோடா தூவுங்கள். நொடியில் கல்லாகும். அது முற்றி இன்னும் கெட்டியாகும் முன், சில நிமிடங்களுக்குள் தேய்த்துவிடுங்கள்.

## படி 4: கம்பி வைத்து இணைத்தல்

ரெசின் கனமானது. விரிந்த மேலங்கியும் நீட்டிய கையும் பசையை மட்டும் நம்பி நிற்காது. ஒவ்வொரு பெரிய இணைப்பிலும் உள்ளே கம்பி ஓடவேண்டும்.

முதல் பாகத்தின் இணைப்புப் பரப்பில், நடுவில் ஒரு துளை போடுங்கள். அந்தத் துளையின் விளிம்பில் சிறிது பெயிண்ட் வைத்து, இரண்டாவது பாகத்தை அதன்மேல் சரியான நிலையில் அழுத்துங்கள். இரண்டாவதில் பதிந்த புள்ளியில் அடுத்த துளை. கைகளுக்கு 1 மி.மீ., கால்களுக்கும் இடுப்புக்கும் 2 மி.மீ. கம்பி. ஒவ்வொரு பக்கமும் 8 முதல் 10 மி.மீ. ஆழம் போதும். டிரிலைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். மின்டிரிலின் வேகத்தில் ரெசின் சூடாகிப் பிட்டில் ஒட்டும்.

பசை போடும் முன் எல்லாவற்றையும் உலர்ந்த நிலையில் பொருத்தி, வேடர் நேராக நிற்கிறாரா என்று பாருங்கள். பாதத்திலிருந்தும் ஒரு கம்பி அடித்தளத்துக்குள் இறங்கவேண்டும். அதற்கான துளையை இப்போதே போட்டுவையுங்கள். பெயிண்ட் அடிக்கும் நாட்களில் அந்தக் கம்பியே கைப்பிடியாகவும் உதவும்.

## படி 5: எதை ஒட்டுவது, எதைத் தனியே வைப்பது

இங்கேதான் திட்டம் வேண்டும். முழு உருவத்தையும் ஒட்டிவிட்டுப் பெயிண்ட் எடுத்தால் மேலங்கிக்கும் முதுகுக்கும் இடையில் தூரிகை போகாது. பின்வருமாறு ஐந்து தொகுதிகளாகப் பிரியுங்கள்:

1. தலைக்கவசத்தின் மேல்மூடி
2. முகமூடியும் கழுத்தும்
3. உடல், கைகள், கால்கள்
4. மேலங்கி
5. வாள்

ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் உள்ள இணைப்புகளை எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். ஓரத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைத்தால் எப்பாக்ஸி இறுகும்வரை பாகம் நழுவாது. இணைப்பில் தெரியும் இடைவெளியைப் புட்டியால் நிரப்பி, ஈரவிரலால் வழித்து, இறுகியபின் தேயுங்கள். துணிமடிப்பின் குறுக்கே இணைப்பு வந்தால், புட்டி ஈரமாக இருக்கும்போதே குச்சியால் மடிப்பைத் தொடர்ந்து இழுத்துவிடுங்கள். மடிப்பு அறுந்தால் துணி என்ற நம்பிக்கையும் அறும்.

## படி 6: பிரைமர்

பிரைமருக்கு இரண்டு கடமைகள். பெயிண்டைப் பிடித்துவைப்பது ஒன்று, குறைகளைக் காட்டிக்கொடுப்பது இன்னொன்று. முதல் பூச்சுக்குச் சாம்பல் நிறம் நல்லது. 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி மெல்லிய வீச்சுகளாக அடியுங்கள். ஒரே தடவையில் மூட முயன்றால் நுணுக்கங்கள் பெயிண்டில் மூழ்கும்.

உலர்ந்ததும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விட்டுப்போன கோடும் குழியும் இப்போது தெரியும். நிரப்பி, தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் மறுபடி பிரைமர். திருப்தியானபின் முழுவதும் கறுப்பு பிரைமர் அடித்து, அது உலர்ந்ததும் நேர்மேலிருந்து மட்டும் லேசாகச் சாம்பலைத் தூவுங்கள். மேலிருந்து ஒளி விழுந்தால் எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்ற வரைபடம் உருவத்தின்மேலேயே கிடைத்துவிடும். அடுத்த படியில் அதைப் பின்பற்றினால் போதும்.

மழைக்காலத்திலும் கடலோர ஊர்களின் புழுக்கத்திலும் ஸ்பிரே அடிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு வெளுத்து மூடுபனி படிந்ததுபோல் ஆகும். வெயில் ஏறிய, காற்று உலர்ந்த முற்பகல் உகந்தது.

## படி 7: ஐந்து கறுப்புகள்

வேடர் உருவத்தில் ஐந்து பரப்புகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அடிநிறம், வெளிச்சநிறம், பளபளப்பு மூன்றும் வேறு.

முதல் விதி: சுத்தக் கறுப்பை அடிநிறமாகப் பூசாதீர்கள். கறுப்புக்குக் கீழே போக வேறு நிறம் கிடையாது. அதை அடியில் போட்டால் நிழலுக்கு இடமே இல்லை. மிகக் கருமையான சாம்பலை அடிநிறமாக்கி, சுத்தக் கறுப்பை ஆழ்மடிப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலங்கி. கனத்த கம்பளித்துணி. கறுப்போடு ஐந்தில் ஒரு பங்கு பழுப்பு கலந்து அடிநிறம். மடிப்புகளின் முகட்டில் அதே கலவையில் சிறிது சாம்பல் சேர்த்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். துணியில் ஒளி பரவலாக விழும். வெளிச்சப்பகுதி அகலமாகவும் மங்கலாகவும் இருக்கவேண்டும். பளபளப்பு கொஞ்சமும் கூடாது.

உள்ளங்கி. மேலங்கிக்குக் கீழே தொங்கும் மெல்லிய துணி. பழுப்பு வேண்டாம், கறுப்பும் நடுத்தரச் சாம்பலும் போதும். மேலங்கியைவிட ஒரு படி வெளிறியதாக வைத்தால் இரண்டும் பிரிந்து தெரியும்.

தோல் உடுப்பு. கைகளிலும் கால்களிலும் தையல்வரிகள் ஓடும் உடுப்பு. கறுப்பில் சிறிது கருநீலம் கலந்து அடிநிறம். வரிகளின் முகட்டில் நீலச்சாம்பலை ஒடுக்கமான கோடாக வையுங்கள். பாதிப் பளபளப்பு.

கையுறையும் காலணியும். இதுவும் தோல்தான், ஆனால் இழுத்துப்பிடித்து மெருகேறியது. வெளிச்சம் இங்கே இன்னும் சிறியது, இன்னும் கூர்மையானது: விரல்முட்டி, காலணியின் முனை, கணுக்கால் மடிப்பு. உடுப்பைவிடச் சற்றுக் கூடுதல் பளபளப்பு.

கவசம். தலைக்கவசம், தோள் கவசம், முழங்காலுக்குக் கீழுள்ள தகடு. முழுப் பளபளப்பு. இதற்குத் தனிப் படியே தேவை.

டமியா பெயிண்ட் கிடைத்தால் எக்ஸ்எஃப்-1 பளபளப்பற்ற கறுப்பு, எக்ஸ்-18 பாதிப் பளபளப்புக் கறுப்பு, எக்ஸ்-1 பளபளக்கும் கறுப்பு. இவை ஏர்பிரஷுக்கு மிகப் பொருத்தம். தூரிகையால் பூசும்போது கீழ்ப்பூச்சைக் கரைத்து இழுக்கும் என்பதால், தூரிகைக்கு வயேஹோ போன்ற நீர் அடிப்படையிலான அக்ரிலிக்கே எளிது. எதுவானாலும் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். ஏர்பிரஷ் என்றால் 0.3 மி.மீ. முனையும் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தமும் தொடக்கத்துக்குச் சரி.

பூசும்போது அடிக்கடி இரண்டு மீட்டர் தள்ளிவைத்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் ஐந்து பரப்பும் தனித்தனியே தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

## படி 8: தலைக்கவசமும் முகமூடியும்

பார்ப்பவரின் கண் முதலில் போவதும் கடைசியில் நிற்பதும் இங்கேதான். அதிக நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

பளபளப்புக் கறுப்பை மெல்லிய பூச்சுகளாக அடித்து, இடையிடையே முழுதாக உலரவிடுங்கள். தூசு படியாமல் கவிழ்த்த டப்பாவால் மூடிவையுங்கள். தூசு ஒட்டிவிட்டால் உலர்ந்தபின் 1000 எண் தாளை நீரில் நனைத்து மிக மெல்லத் தேய்த்து, மறுபடி ஒரு பூச்சு.

1977 வேடர் என்றால் அடுத்தது இரண்டு நிற வேலை. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து, மேல்மூடியின் நடுப்பட்டையிலும் முகமூடியின் கன்னங்களிலும் எந்தப் பகுதி கருஞ்சாம்பல் என்று பென்சிலால் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முகமூடியின் இடமும் வலமும் ஒரே மாதிரி இல்லை. பகுதிகள் மாற்றி மாற்றிப் பூசப்பட்டிருந்தன. துப்பாக்கி உலோக நிறத்தில் பாதிக்குப் பாதி கறுப்பைக் கலந்து பூசுங்கள். நேராகப் பார்த்தால் கறுப்பாகவும் சாய்த்துப் பார்த்தால் உலோகமாகவும் தெரிந்தால் அளவு சரி. தோள் கவசத்தின் வரிகளுக்கும் இதே கலவை.

கண்களுக்கு முதலில் கறுப்பு, அதன் கீழ்ப்பாதியில் மெல்லிய வெள்ளி, அதற்குமேல் ஒளி ஊடுருவும் சிவப்பில் ஒரே பூச்சு. சிவப்பு பளிச்சென்று எரியக்கூடாது. விளக்கருகே கொண்டுபோனால் மட்டும் உள்ளே ஒரு சாயல் தெரியவேண்டும். கண்ணில் சிவப்புச் சாயல் இல்லாத படங்களின் வேடர் என்றால் பளபளக்கும் கறுப்பே போதும். வாய்ப்பகுதியின் கம்பிவலைக்கு உலர்தூரிகை முறை: தூரிகையில் வெள்ளியைத் தொட்டு, துணியில் கிட்டத்தட்ட முழுதும் துடைத்துவிட்டு, முகடுகளில் மட்டும் தட்டுங்கள்.

## படி 9: மார்புப் பெட்டி, வாள்

இந்த உருவத்தில் நிறம் என்று இருப்பது இவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வரும். மார்புப் பெட்டியை முதலில் கறுப்பாக்கி, பித்தான்களையும் கம்பிகளையும் வெள்ளியால் தொட்டு, பின் படத்தில் உள்ள இடங்களில் மட்டும் சிவப்பு, பச்சை, நீலத்தை வையுங்கள். நடுங்கும் கைக்கு ஒரு வழி: இரண்டு மணிக்கட்டுகளையும் மேசை விளிம்பில் ஊன்றி, மூச்சை வெளிவிட்டு முடித்த கணத்தில் தொடுங்கள். புள்ளி வழிந்தால் ஈரத்தூரிகையால் உடனே எடுத்துவிடலாம். நிறப்புள்ளிகளின்மேல் கடைசியில் பளபளப்பு வார்னிஷில் ஒரு துளி வைத்தால் கண்ணாடிப் பொத்தானாகிவிடும்.

1977 படத்தில் வேடரின் வாள்பிடி, எம்.பி.பி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய கேமரா ஃப்ளாஷ் கைப்பிடியிலிருந்து செய்யப்பட்டது. எனவே அது பளபளக்கும் உலோகம். பிடிப்பகுதியும் இணைப்புகளும் கறுப்பு. ஒளிக்கத்திக்குக் கிட்டில் ரெசின் குச்சி வந்தால் அதைவிட்டு, ஒளி ஊடுருவும் சிவப்பு அக்ரிலிக் குச்சியை வாங்குங்கள். 1/6 அளவுக்கு ஏறத்தாழ 4 மி.மீ. தடிமனும் 15 செ.மீ. நீளமும் பொருந்தும். வாள் ஏற்றியபடி நிற்கும் உருவமென்றால், வாள்பக்கத்துக் கையுறையிலும் கவச விளிம்பிலும் மிக மெல்லிய சிவப்பைப் படரவிடலாம்.

## படி 10: வார்னிஷ்

ஐந்து தொகுதிகளையும் தனித்தனியே வைத்ததன் பலன் இப்போது கிடைக்கும். மேலங்கிக்கும் உள்ளங்கிக்கும் பளபளப்பற்ற வார்னிஷ். உடுப்புக்குப் பாதிப் பளபளப்பு. கையுறைக்கும் காலணிக்கும் அதையே தூரிகையால் இன்னொரு பூச்சு. கவசத்துக்கும் முகமூடிக்கும் பளபளப்பு. உடலிலேயே ஒட்டியிருக்கும் தோள் கவசத்தை ஸ்பிரே அடிக்கும்போது மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, பிறகு தூரிகையால் பளபளப்பு கொடுங்கள்.

சிறிய உருவத்தில் முழு அளவுப் பளபளப்பு பொம்மைத்தன்மையைத் தரும். பளபளப்பு வார்னிஷில் சிறிது பாதிப் பளபளப்பைக் கலந்து ஒரு படி அடக்குங்கள். ஒவ்வொரு வார்னிஷையும் முதலில் ஒரு மிச்சத்துண்டில் சோதித்துப்பாருங்கள். கடைசிப் பூச்சில் கெட்டுப்போனால் முந்தைய எல்லாப் படிகளும் கெடும்.

## படி 11: இறுதி இணைப்பும் மேடையும்

இணைப்புப் பரப்புகளில் படிந்த பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். எப்பாக்ஸி ரெசினைத் தொடவேண்டும், பெயிண்டைத் தொட்டால் பெயிண்டோடு பெயர்ந்து வரும். வரிசை இது: உடல் அடித்தளத்தில், பிறகு மேலங்கி, பிறகு முகமூடியும் கழுத்தும், பிறகு மேல்மூடி, கடைசியில் வாள். இங்கே சூப்பர் க்ளூவைத் தவிருங்கள். அதன் ஆவி பளபளப்புக் கறுப்பில் வெள்ளைப்படலமாகப் படியும்.

மேடை எளிமையாக இருக்கட்டும். மரச்சட்டத்தில் வழுவழுப்பான கருஞ்சாம்பல் தரை போதும். கறுப்பு உருவத்துக்குக் கறுப்பு மேடை வேண்டாம், கால்கள் தொலைந்துபோகும்.

## கோளாறும் தீர்வும்

- டேப்போடு பெயிண்ட் உரிந்தால்: கழுவியது போதவில்லை. அந்தப் பகுதியை ரெசின் வரை தேய்த்து, சோப்பால் கழுவி, பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.
- பரப்பு சொரசொரப்பானால்: பெயிண்ட் பாகத்தைத் தொடும் முன்பே காற்றில் உலர்ந்துவிட்டது. நெருங்கி அடியுங்கள், இன்னும் சிறிது நீர்க்கச் செய்யுங்கள்.
- வார்னிஷ் வெளுத்தால்: ஈரம். உலர்ந்த நாளில் பளபளப்பு வார்னிஷ் மெல்லிதாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். அதன்மேல் தேவையான வார்னிஷ்.
- எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தால்: உள்ளங்கியை ஒரு படி வெளிறச்செய்யுங்கள், கவசத்தின் பளபளப்பைக் கூட்டுங்கள். இந்த இரண்டு மாற்றங்களே பெரும்பாலும் போதும்.

## தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். ரெசின் உருவத்தின் தரம் கழுவுவதிலும் தேய்ப்பதிலும் பொருத்துவதிலும் முடிவாகிறது. பெயிண்ட் அதை வெளியே காட்டுகிறது. எந்தப் படி சலிப்பாக இருக்கிறதோ, அதை இன்னும் கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். முடித்தபின் அடித்தளத்தின் கீழே உங்கள் பெயரையும் ஆண்டையும், கூடவே மூலச் சிற்பியின் பெயரையும் எழுதிவையுங்கள். அந்த உருவத்தில் உழைத்தது இரண்டு பேரின் கைகள்.